பதினேழு தலையணைகள், ஒன்பது நாள்

அம்மா போன புரட்டாசியில் காலமானார். காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்தா நல்லாருக்கும். அடுத்து வர்றவங்க அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க." நங்கநல்லூரில் அம்மா இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீடு அது. என் கையில் இருந்தது ஒன்பது நாள். நகை, பத்திரம், பாத்திரம் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்து வைத்திருந்தேனே தவிர, தலையணைகளும் மெத்தைகளும் என்னை இந்தப் பாடு படுத்தும் என்று துளிகூட நினைக்கவில்லை. அந்த ஒன்பது நாளிலும் அதற்குப் பிறகும் நான் செய்த தவறுகளை, செலவான பணத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன். பெற்றவர்களின் வீட்டை ஒற்றை ஆளாகக் காலி செய்ய நேர்கிறவர்களுக்கு இது உதவும். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பரண், பீரோ மேல்தட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணியபோது பதினேழு தலையணைகள் வந்தன. தனியாக இருந்த ஒரு அம்மாவுக்கு எதற்குப் பதினேழு என்று கேட்கலாம். கல்யாணம், காதுகுத்து என்று பட்டணத்துக்கு வந்த உறவினர்கள் எல்லாரும் அந்த வீட்டில்தான் தங்குவார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து ஆளுக்கொரு தலையணை போட்டுவிட்டுத்தான் அம்மா படுக்கப் போவார். பதினொன்று இலவம் பஞ்சு. நான்கு, கடையில் வாங்கிய செயற்கைப் பஞ்சுத் தலையணை. ஒன்று ஃபோம். மீதி ஒன்று உள்ளங்கையளவு கடுகுத் தலையணை, பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைப்பார்களே, அது. அதில் நானும் படுத்திருக்கிறேன், என் தம்பியும் படுத்திருக்கிறான், என் மகளும் படுத்திருக்கிறாள். இவை போக மூன்று இலவம் பஞ்சு மெத்தை, ஒரு தேங்காய் நார் மெத்தை, உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த ஒரு சோபா, நாற்பதுக்கும் மேல் புடவைகள், போர்வைகள், பழைய டிவி, கிரைண்டர்.

தம்பி பெங்களூரிலிருந்து ஒரே ஒருநாள் வந்தான். வந்த வேகத்தில் பழைய பேப்பர் கடைக்காரரை வரவழைத்து, இரும்பு, பிளாஸ்டிக், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடை போட்டுக் கொடுத்தான். 2,340 ரூபாய் கிடைத்தது. அதில் அம்மாவின் வாக்கரும், கழிப்பறை நாற்காலியும் போய்விட்டன. "பார்க்கவே மனசு கஷ்டமா இருக்குக்கா, முதல்ல அதுங்க கிளம்பட்டும்" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்கூடத் தேறியிருக்காது. அது எவ்வளவு பெரிய தவறு என்று மூன்றாம் நாளே தெரிந்தது.

அதற்கு முன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மா வீட்டில் பத்து வருடமாக வேலை செய்த அக்காவிடம், "நாலு தலையணை எடுத்துக்கோங்கக்கா" என்று நானே ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தேன். அதில் இருந்தவை எண்ணெய்ச் சிக்கு ஏறியவை, ஒன்றில் ஓரம் பிரிந்து பஞ்சு தெரிந்தது. நல்லவற்றை முதியோர் இல்லத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சரிம்மா என்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரத்தில் அதே மூட்டை, நான் போட்ட முடிச்சு அவிழாமல் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. அம்மா இறந்த வீட்டில் என் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்திருக்காது. நான் இறங்கிப் போய்ப் போட வேண்டிய குப்பையை அவர் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பின்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், எது வேண்டுமோ அவரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பீரோவைத் திறந்து விட்டேன். இரண்டு புடவையும் பிரஷர் குக்கரும் எடுத்துக்கொண்டார். நமக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள், நம்மிடம் கடன்பட்டிருப்பவர்கள், இவர்களிடம் கொடுக்கும்போது அவர்கள் மறுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். நம் குழந்தையை அதில் படுக்க வைப்போமா என்று கேட்டுக்கொண்டாலே பாதி மூட்டை குறைந்துவிடும்.

மூன்றாம் நாள் ஒரு குட்டியானை பேசினேன், 1,800 ரூபாய். மெத்தைகள் மூன்று, தலையணைகள், போர்வைகள், துணிமூட்டை எல்லாம் ஏற்றி, எப்போதோ அம்மா பிறந்தநாளுக்கு அன்னதானம் கொடுத்த ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். முன்னால் ஒரு போன்கூடச் செய்யவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறோம், கேட்டைத் திறந்து வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு. அங்கிருந்த நிர்வாகி அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "மெத்தை தலைகாணி மட்டும் பழசு வாங்கறதில்லம்மா. ஒரு தடவை வாங்கி மூட்டைப்பூச்சி வந்து, முப்பது கட்டிலையும் வெளியில தூக்கிப் போட்டு மருந்தடிச்சோம். படுக்கையிலேயே போற பெரியவங்க இருக்காங்க, பஞ்சு நனைஞ்சா காயவே காயாது. ரெக்சின் உறை போட்டதுதான் எங்களுக்குச் சரிப்படும்." அப்புறம் அவரே கேட்டார், "வாக்கர் இருக்காம்மா? பெரியவங்களுக்குப் போடற டயப்பர், பிரிக்காத பாக்கெட் ஏதாவது மிச்சம் இருக்கா? கழிப்பறை நாற்காலி?"

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா நடைபழகிய வாக்கர் முந்தின நாள்தான் இரும்பு விலைக்குப் போயிருந்தது. உடனே அந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போன் செய்தேன். லோடு காலையிலேயே போய்விட்டது என்றார்கள். டயப்பர் மட்டும் பிரிக்காத பாக்கெட் இரண்டு வீட்டில் இருந்தது, அதை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நிர்வாகி அம்மா அதை வாங்கிக்கொண்டபோது முகத்தில் வந்த நிம்மதி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே நோயாளி பயன்படுத்திய பொருள்களைத் துக்கத்தின் வேகத்தில் முதலில் தள்ளிவிடாதீர்கள். வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, படுக்கையில் வைக்கும் பாத்திரம் என்று எதுவாக இருந்தாலும், நமக்குப் பார்க்கச் சகிக்காத அதே பொருளை விலை கொடுத்து வாங்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு துணியைப் போட்டு மூடி ஒரு மூலையில் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து முடிவு எடுங்கள்.

அங்கிருந்து இரண்டாவதாக ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். அங்கே பாய்தான், மெத்தை இல்லை. போர்வைகளில் பன்னிரண்டை எடுத்துக்கொண்டார்கள், அதுவும் துவைத்து மடித்து வைத்திருந்ததால். தலையணை வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொரு இடம் பூட்டியிருந்தது. டிரைவர் தம்பி பொறுமைசாலி, ஆனாலும் காத்திருந்த நேரத்துக்கு அவர் 600 ரூபாய் கேட்டது நியாயம்தான். திரும்பி வருகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தார்பாய் மூடுவதற்குள் மெத்தையில் ஒன்றும் தலையணைகளில் பாதியும் நனைந்துவிட்டன. ஒரு போன் செய்திருந்தால் இந்த 2,400 ரூபாயும் ஒரு நாள் லீவும் மிஞ்சியிருக்கும். இப்போதெல்லாம் நான் கொடுக்கப் போவதற்கு முன்னால் பொருளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன். கறை இருந்தால் கறை தெரிகிற மாதிரியே எடுக்கிறேன். "உங்களிடம் கொடுக்கலாமா" என்று கேட்டால் சங்கடப்பட்டுக்கொண்டு சரி என்று சொல்லிவிடுவார்கள். "உங்களுக்கு இப்போது என்ன தேவை" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

தெருநாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றையும் விசாரித்தேன், இந்தத் தடவை போனில். நாய் படுக்கத் தலையணை தேவைப்படும் என்று நினைத்தேன். வேண்டாம் என்றார்கள். நாய் கடித்துப் பிய்த்துவிடும், உள்ளே இருக்கும் பஞ்சை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. பழைய டவல், பெட்ஷீட், செய்தித்தாள் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரச் சொன்னார்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, துவைத்திருந்தால் போதும். மனிதர்களுக்குக் கொடுக்கக் கூசிய துணியெல்லாம் அங்கே பயன்பட்டது. பேப்பர் கடைக்குப் போகாமல் மிஞ்சியிருந்த கொஞ்சம் பேப்பரும் அங்கே போனது.

இதற்குள் ஆறு நாள் ஓடிவிட்டது. நனைந்த பஞ்சு மொட்டைமாடிக் கொட்டகையில் நாற ஆரம்பித்திருந்தது. வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில்தான், வீடு காலி செய்து கொடுக்கிறோம் என்று சொன்ன ஒருவரின் நம்பர் கிடைத்தது. வந்து பார்த்தார், எல்லாவற்றையும் எடுத்துப் போக 3,500 ரூபாய் என்றார். "எங்கே கொண்டு போவீங்க?" என்று கேட்டேன். "நம்ம யார்டுக்கு மேடம், எல்லாம் ரீசைக்கிளிங்தான்" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. சோபா, நார் மெத்தை, பஞ்சு மெத்தை மூன்று, தலையணைகள், தட்டுமுட்டுச் சாமான் என்று அரை மணி நேரத்தில் ஏற்றிப் போய்விட்டார்கள். காலியான கூடத்தைப் பெருக்கிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆறு தலையணைகளையும் கடுகுத் தலையணையையும் மட்டும் என் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து காலை ஏழு மணிக்கு ஒரு போன். பெயர் தெரியாத ஒரு பெரியவர். அம்மாவின் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்டுக்காரங்களாம்மா?" என்றார். எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவராம். கரைச் சரிவில் யாரோ இரவோடு இரவாக ஒரு வண்டிச் சாமானைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு பையில் அம்மாவின் பழைய மருந்துச் சீட்டு இருந்திருக்கிறது, அதில் என் போன் நம்பரும். "நீங்களா போட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியுதும்மா. ஆனா போட்டிருக்கறது உங்க வீட்டுச் சாமான், வந்து பாத்துடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். சோபா கவிழ்ந்து பாதி தண்ணீரில் கிடந்தது. அம்மாவின் மெத்தை ஒன்று வயிறு கிழிந்து, இலவம் பஞ்சு கரை முழுக்க வெள்ளையாகச் சிதறி, ஆகாயத்தாமரை மேலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. இலவம் பஞ்சு தண்ணீரில் லேசில் ஊறாது. இழை மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே உண்டு, உள்ளே இழை வெற்றுக் குழாய். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் இதை அடைத்தார்கள். அங்கே அது சின்னச் சின்னத் திட்டாக மிதந்து கொண்டே இருந்தது. ஒரு தலையணை உறையில் அம்மா சங்கிலித் தையலில் போட்ட இரண்டு கிளிகளை அடையாளம் கண்டேன். சேற்றுக்குள் இறங்கி அதை எடுத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கடைசியில் போய்ச் சேர்வது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான். 2022-இல் அதற்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு வருடமும் மழைத்தண்ணீர் வடியாமல் தெருவுக்குள் நிற்கிறது என்று புலம்புகிறோமே, கால்வாய்களின் வாயை அடைத்துக்கொண்டு கிடப்பதில் இந்த மாதிரி மெத்தைகளும் உண்டு.

அந்த ஆளுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டு பேரைக் கூலிக்கு வைத்து (ஆளுக்கு 500), இன்னொரு குட்டியானை பேசி (1,200), ஈரச் சாமானை மேலே ஏற்றி என் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டு வந்தேன். சங்கத்தில் சத்தம் போட்டார்கள், மூன்று நாள் அவகாசம் வாங்கினேன். இந்த இடத்தில் முக்கியமாக ஒன்று. காலி செய்து தருகிறோம் என்று வருகிறவரிடம் எந்த இடத்துக்குப் போகிறது என்று கேளுங்கள், இறக்கிய இடத்தைப் போட்டோ அனுப்பினால்தான் மீதிப் பணம் என்று பாதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலாவதை அரைகுறையாகத்தான் கேட்டேன், மற்ற இரண்டையும் செய்யவே இல்லை. பெயரும் விலாசமும் உள்ள காகிதங்களைத் தனியாக எடுத்துக் கிழித்துப் போடுவதும் அவசியம். என் விஷயத்தில் அந்தச் சீட்டு நல்லதுக்குத்தான் உதவியது என்றாலும், வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் கஷ்டம்.

சித்தி ஒருத்தர், "போகிக்கு இன்னும் ரெண்டு மாசம்தானே, வச்சிருந்து எரிச்சுடேன்" என்றார். இலவம் பஞ்சு என்றால்கூடப் பரவாயில்லை, ஃபோமையும் ரெக்சினையும் எரித்தால் வருவது கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும். 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறியது எங்கள் நங்கநல்லூர்க்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அம்மாவே அன்றைக்கு இரண்டு நாள் இருமிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வழி காட்டியது 1913. சென்னை மாநகராட்சியின் புகார் எண்தானே என்று நினைத்திருந்தேன். அழைத்துச் சொன்னதும், பழைய சோபா, மெத்தை, துணி, மரச்சாமான் மாதிரிப் பெரிய கழிவுகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். அந்தச் சனிக்கிழமை வண்டி வந்தது, ஊறிப்போன சோபாவையும் நார் மெத்தையையும் பாழான தலையணைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். 2023-இல் ஒன்றிய அரசின் திட்டத்தில் நகரங்களில் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கிக்கொள்ளும் மையங்களைத் திறந்தார்கள், சில இடங்களில் இன்னும் நடக்கிறது. தானம் கொடுக்கத் தகுதியில்லாத பொருளைக் குப்பைக்குக் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. சரியான வண்டியில் ஏற்றினால் போதும்.

என் வீட்டுக்கு வந்த ஆறு இலவம் பஞ்சுத் தலையணைகளின் கதை வேறு. பக்கத்து மார்க்கெட் தெருவில் மெத்தை தைக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். முதலில் கையால் தட்டிப் பார்த்தார், பிறகு பிளேடால் ஓரத் தையலை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்து உள்ளே கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடினார், பத்து எண்ணுகிற நேரம் கழித்துத் திறந்தார். பஞ்சு மெதுவாக மூச்சு விடுவது மாதிரி உப்பி எழுந்தது. "உசுரு இருக்கும்மா" என்றார். இன்னொன்றிலிருந்து எடுத்த பிடி, திறந்த கையில் எலுமிச்சம்பழ உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருந்தது, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அதைத் தனியாக வைத்தார். ஆறில் நான்கு தேறியது. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் புதுப் பஞ்சை அவர் காட்டினார், பட்டு மாதிரி மினுமினுப்பு. இலவம் பஞ்சைத் தனியாக நூலாக நூற்பது கஷ்டம், இழை வழுக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஆகவே பெரும்பாலும் அடைக்கத்தான் ஆகும், ஆனால் வெயிலில் போட்டு அடித்துக் கொட்டினால் வருடக்கணக்கில் மறுபடி மறுபடி உயிர் வரும். அம்மா சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் தலையணைகளை வரிசையாகக் காயப்போட்டுத் திருப்பித் திருப்பிப் போட்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இலவம் பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் போட்டுத் துவைத்துவிடாதீர்கள் என்றும் பாய் சொன்னார், கட்டி தட்டிப் போய்விடுமாம். நான்கையும் புதுத் துணி போட்டுத் தைக்க, தலையணைக்கு 250 வீதம் ஆயிரம் ரூபாய். முன்பே தெரிந்திருந்தால் மூன்று மெத்தைப் பஞ்சையும் அவரிடமே கொடுத்திருப்பேன். நல்ல பஞ்சு என்றால் எடை போட்டுக் காசே கொடுத்திருப்பேன் என்றார்.

ஏரியிலிருந்து மீட்டவற்றில் செயற்கைப் பஞ்சுத் தலையணைகள் இரண்டு ஓரளவு உருப்படியாக இருந்தன. அவற்றை மெஷினில் இரண்டு தடவை துவைக்க முடிந்தது. எங்கள் தெருவில் தையல் வகுப்பு எடுக்கும் பெண் உள்ளே இருந்ததை வாங்கிக்கொண்டார், பொம்மைக்கும் திண்டுக்கும் அடைக்க ஆகும். சோபா ஃபோம் நனையாமல் இருந்திருந்தால் அதற்கும் ஆள் உண்டு, சுத்தமான ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டிக் கெட்டி மெத்தையாக்குகிறார்கள் என்று பாய்தான் சொன்னார். எதுவானாலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் எல்லாக் கதவும் மூடிவிடும். ஆகவே கூடுமானவரை மழைக்காலத்துக்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்குங்கள், முடியாவிட்டால் பொருளைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் கட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுங்கள்.

பட்டுப் புடவைகளை உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். நைந்த பருத்திப் புடவைகளை கூஞ்ச் அமைப்புக்குக் கொடுத்தேன். 1999-இல் டெல்லியில் தொடங்கியது. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து பெண்களுக்கு மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணி வந்து, கட்டிக்கொள்ள ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வீட்டையே இழந்து நின்ற மீனவப் பெண்கள் மற்றவர் உடுத்திக் கிழிந்த துணியை வாங்க மாட்டோம் என்று ஒதுக்கினார்கள். அந்தக் குவியலைப் பிரித்துப் பயன்படுத்துவதில் இறங்கியவர்களும் கூஞ்ச் அமைப்பினர்தான். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, மக்களுக்கு நன்றியே இல்லை என்று நான் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச மாட்டேன்.

மொத்தக் கணக்கு: இரண்டு வண்டி, காத்திருப்பு, கூலி, அந்த ஆளுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 8,100 ரூபாய். நான்கு நாள் லீவு. இதில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன், ஒரு வண்டிக்காவது ஆகியிருக்கும். ஆனால் முதல் நாளே 1913-க்கு ஒரு அழைப்பு, பாய் கடைக்கு ஒரு நடை, இல்லத்துக்கு ஒரு போன், மூன்றையும் செய்திருந்தால் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ஏரிக்கரையில் நின்ற அந்தக் காலை வேளையும் இருந்திருக்காது.

இறந்தவர் வீட்டுப் பொருள் என்று சொல்லிக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்த பாயும் தலையணையும் அன்றைக்கே மயானத்துக்குப் போய்விட்டன, அது வழக்கம். மற்றவற்றை யாரிடம் கொடுத்தாலும், "எங்கம்மா வீட்டுது, புரட்டாசியில தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார். அவர் மனசு அது, எனக்கு வருத்தமில்லை. பாய் தைத்துக் கொடுத்த நான்கு தலையணைகளையும் ரெக்சின் உறை போட்டு, முதலில் திருப்பி அனுப்பிய அதே முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போனேன், இந்தத் தடவை போன் செய்துவிட்டு. நிர்வாகி அம்மா இப்போதும் முகர்ந்துதான் பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டியின் தலைக்கடியில் தானே ஒன்றை வைத்தார்.

கிளிகள் போட்ட உறையைச் சோப்புப் போட்டு நான்கு தண்ணீரில் அலசினேன், ஒரு கிளியின் வால் நூல் போய்விட்டது, அப்படியே வைத்திருக்கிறேன். கடுகுத் தலையணையைப் பிரித்துப் பழைய கடுகைக் கொட்டிவிட்டு, உறையைத் துவைத்து, புதுக் கடுகை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நிரப்பித் தைத்து வைத்தேன். தம்பி மனைவிக்கு மாசி மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.